இரண்டு மூடி

மே மாதம் பிறந்தால் நீலகிரியில் இருக்கும் எங்கள் எமரால்டுக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கோவையிலிருந்து வருவார்கள், சென்னையிலிருந்து வருவார்கள், சில வருஷம் பெங்களூரிலிருந்தும் வருவார்கள். சமூகப்பணி படிப்பவர்கள், பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள், சட்டம் படிப்பவர்களும் உண்டு. ஆறு வாரமோ எட்டு வாரமோ தங்கி இன்டர்ன்ஷிப் செய்துவிட்டுப் போவார்கள். பூச்சிமருந்தால் தோட்டக் கூலிகளின் உடம்புக்கு என்ன ஆகிறது என்று விசாரித்து, அரசின் கொள்கை மாறக் குரல் கொடுப்பது அவர்களுக்குக் கொடுத்த வேலை. ‘அட்வகசி’ என்பார்கள். எங்கள் தெருவில் அதற்கு வக்காலத்து என்று பெயர். நான் இந்தப் பக்கத்துப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். வருகிற பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு பத்துப் பன்னிரண்டு வருஷமாக என்னிடம் இருக்கிறது. அவர்களைப் பற்றியும், அவர்களை அனுப்பி வைப்பவர்களைப் பற்றியும் நல்லபடியாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். கண்டதைத்தான் சொல்கிறேன். ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

முதலில் அவர்கள் வரும் காலம். கல்லூரிகள் நல்ல நாள் பார்த்து அனுப்புகின்றன. மே மாதத்தில் ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும். வெயிலும் குளிரும் அளவாக இருக்கும். பஸ் நேரத்துக்கு வரும், மண்சரிவுப் பயம் இல்லை. ஜூன் கடைசியில் பிள்ளைகள் மூட்டை கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு இங்கே பெய்கிற மழையை வெளியூர்க்காரர்கள் தாங்க மாட்டார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. சென்னையில் இரண்டு மூன்று மாதம் பெய்ய வேண்டிய மழை. சாலை அறுந்து, கரன்ட் போய், எந்தப் பக்கமும் போக முடியாமல் கிடந்தோம். அந்த நாளில் யார் வீட்டுப் பிள்ளையாவது இங்கே மாட்டிக்கொண்டிருந்தால் பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். கல்லூரிகள் அதை யோசித்துச் செய்கின்றன.

அந்த மழையோடுதான் உருளைக்கிழங்கில் கருகல் நோய் இறங்கும். இலை ஓரத்தில் தண்ணீர் பட்டது போல ஒரு பொட்டு தெரியும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும். நாலு நாள் அசந்தால் தோட்டமே வெந்து கிடக்கும். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவன் மழை விட்ட ஒவ்வொரு இடைவெளியிலும் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவான். மருந்தடிப்பின் உச்சம் அந்த மாதங்கள். மருந்தடிப்பைப் பற்றிப் படிக்க வருகிற பிள்ளைகள் அந்த உச்சத்துக்கு முன்பாகவே பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அதற்காக அனுப்புகிறவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

அடுத்தது, ஊரைத் தெரிந்துகொள்ள அவர்கள் எடுக்கும் சிரத்தை. எமரால்டு என்றால் சுற்றுலாக்காரருக்கு அணை மட்டும்தான். இந்தப் பிள்ளைகள் அணைக்குப் பின்னால் இருப்பதையும் கேட்பார்கள். குந்தா நீர்மின் திட்டத்துக்காக, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த உதவியோடு எமரால்டு, அவலாஞ்சி என்று அடுத்தடுத்து இரண்டு அணை எழுந்தது அவர்களுக்குத் தெரியும். சரிவெல்லாம் படிப்படியாக கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு. தோட்டம் இந்த மலையின் படகர் சமூகத்தாருடையதாக இருக்கும், அல்லது குத்தகைக்கு எடுத்தவருடையதாக இருக்கும். அதில் கூலிக்கு நிற்பவர்களில் எங்களைப் போல இலங்கையிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி எங்களைத் தலைமன்னாரில் கப்பல் ஏற்றி, ராமேஸ்வரத்தில் இறக்கி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு அனுப்பினார்கள். அரசு தேயிலைக் கழகமான டான்டீயில் வேலை கிடைத்தவர்கள் போக மற்றவர்கள் மண்வெட்டியோடு காய்கறித் தோட்டத்தில் இறங்கினார்கள். இதையெல்லாம் பிள்ளைகள் மூன்றே நாளில் கற்றுக்கொள்வார்கள். என் அப்பா எந்தத் தோட்டத்தில் கங்காணியிடம் பேர் கொடுத்தார் என்றுகூட ஒரு பெண் கேட்டாள். என் சொந்தப் பேரப்பிள்ளை இதுவரை கேட்டதில்லை.

அவர்கள் கேள்வி கேட்கும் விதமும் மெச்சத் தகுந்தது. எடுத்ததும் கேட்க மாட்டார்கள். ஒப்புதல் படிவத்தை முழுதாகப் படித்துக் காட்டுவார்கள். ‘உங்கள் பெயர் எங்கேயும் வெளியே வராது, விருப்பமில்லை என்றால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம்’ என்று சொல்லி, அதற்குப் பிறகே முதல் கேள்வி.

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். மருந்து கலக்குவது அவர், அடிப்பது அவர் வீட்டுக்காரர். சில வருஷங்களுக்கு முன் இரண்டு பெண் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருந்தேன். வாசலில் நீல டிரம், பக்கத்தில் டேங்க், கழுவிக் கவிழ்த்த மக்கு. மக்கில் மருந்து வாசம் போகவே இல்லை. ஒரு பிள்ளை கைபேசியைத் திறந்து கேட்டது:

“ஒரு டேங்குக்கு எத்தனை எம்.எல். மருந்து ஊத்துவீங்க, அக்கா?”

“ரெண்டு மூடி.”

“மூடின்னா எத்தனை எம்.எல். இருக்கும்?”

“எந்தப் பாட்டில் மூடி, பாப்பா?”

பிள்ளை திகைத்துவிட்டது. கைபேசியில் எண் மட்டும்தான் ஏறும், மூடி ஏறாது. அக்கா உள்ளே போய் மூன்று மூடியை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, இன்னொன்று எந்தப் பாட்டிலுடையது என்று அவருக்கே மறந்துவிட்டது. அந்தப் பிள்ளை மருந்துக்கடைக்கு ஓடிப்போய் ஊசி போடும் சிரிஞ்ச் வாங்கி வந்து, தண்ணீர் ஏற்றி மூன்றையும் அளந்து பார்த்தது. மூன்றும் மூன்று அளவு. எந்த மூடி கைக்கு வருகிறதோ அதுதான் அன்றைய மருந்தளவு. பல வருஷமாக இந்த மலையில் ஒருவர் கண்ணிலும் படாத இதை அன்று மாலை இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒன்று என் முன்னால் கண்டுபிடித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்கா கேட்டார்: “இத வச்சு என்ன பாப்பா பண்ணுவீங்க?”

“ரிப்போர்ட்ல எழுதுவோம் அக்கா. பாலிசி வரைக்கும் போகும்.”

“போகட்டும். நல்லா எழுதுங்க. அவருக்கு ராத்திரி கை நடுங்குது, அதையும் எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார்கள். தலைவலி, குமட்டல், கண் எரிச்சல், பார்வை மங்கல், கை நடுக்கம் என்று வரிசையாகக் கட்டம் இருந்தது. ஒவ்வொன்றிலும் விரலால் தொட்டுக் குறி போட்டார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து நரம்பில் ஒரு நொதியை முடக்கிவிடும், அதனால்தான் இந்த நடுக்கமெல்லாம் வருகிறது என்று எனக்குப் புரியும்படி விளக்கினார்கள். கோலினெஸ்டரேஸ் என்ற அந்த நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்த வகை மருந்தைக் கையாளும் கூலிக்காரர்களுக்கு 1974 முதல் முதலாளி செலவில் இந்தச் சோதனை நடக்கிறது, குறைந்திருந்தால் அந்த ஆளை மருந்துப் பக்கமே விடக் கூடாது. நன்றாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் அந்தச் சோதனை நடந்து இன்றுவரை நான் பார்த்ததில்லை.

ஒப்புதல் படிவத்தில் கொடுத்த வாக்கை அவர்கள் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார்கள். அக்காவின் பெயர் எங்கேயும் வெளியே வரவில்லை. அவர் சொன்னதும் வெளியே வரவில்லை.

தமிழில் நோய்க்குச் சாப்பிடுவதும் மருந்து, செடிக்கு அடிப்பதும் மருந்து. விவசாய அலுவலகத்தில் பூச்சிக்கொல்லி என்று எழுதுவார்கள், எங்கள் வாயில் அந்தச் சொல் ஏறுவதில்லை. “கடைசியா எப்ப மருந்து எடுத்தீங்க?” என்று ஒரு பையன் மாத்திரையை நினைத்துக் கேட்டால், “நேத்து சாயங்காலம் ரெண்டு பாட்டில் எடுத்தோம், தம்பி” என்று கடையில் வாங்கியதை நினைத்துப் பதில் வரும். இந்தக் குழப்பத்தைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். மருந்து என்ற பெயரே மக்களின் பயத்தைப் போக்கிவிடுகிறது, பாட்டிலை அரிசி டப்பா பக்கத்தில் வைக்கச் சொல்கிறது என்று ஒரு மாணவன் எழுதியதைப் படித்து அசந்து போனேன். அவனுக்கு முந்தின வருஷம் வந்த பெண்ணும் அதையே கண்டுபிடித்திருந்தாள். அவனுக்கு அடுத்த வருஷம் வந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதியதாக யாரும் குற்றம் சொல்ல முடியாது. முந்தின அறிக்கை அடுத்து வருகிறவர்கள் கைக்குக் கிடைப்பதே இல்லை. ஒவ்வொரு மே மாதமும் எமரால்டு புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. நாங்களும் அதே கேள்விகளுக்கு முதல் தடவை சொல்வது போலப் பதில் சொல்கிறோம்.

அறிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது, நாலு தடவை கேட்டு வாங்கினேன். வழுவழுப்பான அட்டை, உள்ளே கலர் கலராக வரைபடம், பிழையில்லாத ஆங்கிலம். அட்டையில் அணைத் தண்ணீரில் மேகம் தெரிகிற படம். மூடி சமாச்சாரம் உள்ளே இருக்கிறது, ‘அளவீட்டில் சீரின்மை’ என்ற பொருளில் ஒரே வரி. அக்கா ‘பதிலளித்தவர் 14’. அவர் வீட்டுக்காரரின் கை நடுக்கம் ஒரு நீலப் பட்டையில் மற்றவர்கள் நடுக்கத்தோடு சேர்ந்திருக்கிறது. பரிந்துரைகள் எல்லாம் நியாயமானவை, ஒன்றைக்கூட மறுக்க முடியாது. அதை எழுதிய பிள்ளைக்கு முதல் பரிசு கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன், கிடைக்க வேண்டியதுதான். அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “நம்ம டேம் அழகா இருக்கு டீச்சர்” என்று திருப்பிக் கொடுத்தார். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

பிள்ளைகளை வரவழைக்கும் அமைப்பின் சிக்கனத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. பெயர் வேண்டாம். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேர் வீடு வீடாக ஏறி இறங்கித் திரட்டிய தகவலுக்குக் கூலி என்று அந்த அமைப்பு ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை. அறை வாடகை பிள்ளைகள் கொடுப்பது, சாப்பாடு பிள்ளைகள் செலவு, பஸ் கட்டணமும் அவர்களுடையது. அதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே வர முடிகிறது. இந்த ஊரிலேயே பிறந்து, மருந்து வாசத்திலேயே வளர்ந்து, ஊட்டிக் கல்லூரியில் சமூகப்பணி படித்த பெண் ஒருத்தி விண்ணப்பம் போட்டாள். எட்டு வாரம் சம்பளமில்லாமல் இருக்க அவளுக்கு வழியில்லை. அந்த எட்டு வாரமும் அவள் கேரட் பிடுங்கப் போனாள். மூடியின் அளவு அவளைக் கேட்டிருந்தால் சிரிஞ்ச் இல்லாமலே சொல்லியிருப்பாள்.

அதிகாரிகள் அறிக்கையை வாங்கிக்கொள்ளும் பண்பு இருக்கிறதே, அது எல்லோருக்கும் வராது. நிறைவு விழாவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். அதிகாரி எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினார். பிள்ளைகளின் பெயரைக் கேட்டு, எந்தக் கல்லூரி என்று விசாரித்து, ‘மிக முக்கியமான ஆய்வு’ என்று சொன்னார். ஒருவரும் அதில் இருப்பது பொய் என்று சொல்லவில்லை, ஒருவரும் கோபப்படவில்லை. குரல் கொடுக்க வந்தவர்களுக்கு இவ்வளவு மரியாதையான வரவேற்பு கிடைப்பதைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷமாக இருக்கும். அடுத்த வருஷம் வேறொரு அதிகாரி அதே போல எழுந்து நின்று, அதே போல இரண்டு கையாலும் வாங்கினார்.

சட்டத்தையும் நான் மெச்சத்தான் வேண்டும். 1958இல் கேரளத்தில் கோதுமை மாவில் பாரத்தியான் மருந்து கலந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு விசாரணை நடந்து, 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. அதில் 26ஆம் பிரிவைச் சட்டம் படிக்கும் ஒரு பெண் என் அடுப்படியில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். மருந்தைக் கையாண்டு யாருக்காவது நஞ்சேறினால், தங்கள் பார்வைக்கு வரும் ஒவ்வொன்றையும் அரசுக்குத் தெரிவிக்கும்படி மருத்துவரையோ வேறு யாரையோ மாநில அரசு ஓர் அறிவிக்கையால் கட்டாயப்படுத்தலாம். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த வரி புத்தகத்தில் இருக்கிறது, ஒரு சொல் தேயவில்லை. எங்கள் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு மயங்கி விழுந்தவர்களை மோர் கொடுத்துத் திண்ணையில் படுக்க வைத்திருக்கிறோம். அவர்களில் ஒருவரைக்கூட யாரும் எந்த நோட்டிலும் எழுதிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. எழுதப்படாதவர் எண்ணிக்கையில் வரமாட்டார். எண்ணிக்கையில் வராத ஊரில் பிரச்சினையும் இல்லை. எமரால்டு அந்த வகையில் நலமாக இருக்கிற ஊர்.

27ஆம் பிரிவும் அவள் சொன்னதுதான். ஒரு மருந்து ஆபத்தானது என்று மாநில அரசு கருதினால் அதை 60 நாள் நிறுத்தி வைக்கலாம். முழுதாகத் தடை செய்யும் அதிகாரம் தில்லியில். 2023 தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அப்படி 60 நாள் நிறுத்தியது. மாநில அரசு தன் பங்குக்குச் செய்தது, அதை மறுக்க மாட்டேன். கேரட் விதைத்துப் பிடுங்க எங்கள் மலையில் மூன்றரை மாதம், நாலு மாதம் ஆகும். தடை முளைத்து மூன்றிலை விடுவதற்குள் நாள் முடிந்துவிட்டது.

தில்லியின் நிதானம் இன்னும் பெரிது. 2013இல் ஒரு குழு அமைத்து, பிற நாடுகள் தடை செய்தும் நம் நாட்டில் விற்கிற 66 மருந்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். 2020இல் 27 மருந்துகளைத் தடை செய்ய உத்தேசம் என்று வரைவாணை வந்தது. எங்கள் உருளைக்கிழங்குக்காரர்கள் எம்-45 என்று சொல்கிற மாங்கோசெப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆட்சேபங்களைக் கேட்டு, மறுபடி ஆராய்ந்து, 2023இல் டைகோஃபால், டினோகாப், மெத்தோமில் ஆகிய மூன்றுக்கு முழுத் தடை போட்டார்கள். இருபத்தேழில் மூன்று. ஒரு கம்பெனிக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது என்று இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள்.

எங்களைக் கப்பலேற்றி அனுப்பிய நாடு அவ்வளவு பொறுமை காட்டவில்லை. இலங்கையில் 1980இல் பூச்சிமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டு, அதற்கென்று ஒரு பதிவாளரை வைத்தார்கள். மருந்து குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. 1984இல் பாரத்தியானை எடுத்தார்கள். 1995இல் மோனோகுரோட்டோபாஸ், 1998இல் எண்டோசல்பான், 2008 தொடங்கி மூன்று வருஷத்தில் பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். 1995க்கும் 2015க்கும் இடையில் அந்த நாட்டில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் அதனால் விழவில்லை. அந்த இருபது வருஷத்தில் 93,000 உயிர் தப்பியிருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னதும் ஓர் இன்டர்ன் பிள்ளைதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்த பாட்டிலை எடுத்தவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். என் அப்பாவின் தங்கை குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. தாய்நாட்டுக்கு வந்தவர்கள் நாங்கள்.

எங்கள் பக்கமும் ஒரு தடவை வேகம் காட்டினார்கள். 2023 செப்டம்பரில் அவலாஞ்சி அணைப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. உடற்கூறாய்வு நடந்தது, மாதிரி எடுத்து அனுப்பினார்கள், பக்கத்தில் கிடந்த மாட்டின் உடலையும் சோதித்தார்கள். மாட்டை அடித்த புலியைக் கொல்ல அந்த உடலில் பூச்சிமருந்து வைத்தது தெரிந்து, சில நாளிலேயே மாட்டுக்காரரைப் பிடித்துவிட்டார்கள். நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. நஞ்சைக் கண்டுபிடிக்க ஆளும், அனுப்பச் சோதனைச்சாலையும், கேட்கச் சட்டமும் எங்கள் மலைக்கும் உண்டு என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கீழ்த்தெரு அக்கா பேப்பரில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “புலிக்கு ரத்தம் எடுத்துப் பாத்திருக்காங்க, டீச்சர்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்டர்ன்ஷிப் முடித்த பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். இதை நான் நிறைந்த மனதோடு சொல்கிறேன். சிரிஞ்சால் மூடியை அளந்தாளே, அவள் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்கிறாள். அங்கே இடம் கேட்டு எழுதிய கட்டுரையில் எமரால்டைப் பற்றித்தான் எழுதினேன் டீச்சர் என்று சொன்னாள். பொங்கலுக்கு மறக்காமல் வாழ்த்து அனுப்புவாள், அக்காவை விசாரிப்பாள். இன்னொருவன் பெரிய நிறுவனம் ஒன்றில் ஆலோசகன். அவர்களுக்குப் பொதுச் சுகாதாரத்தைக் கற்றுக்கொடுத்தது எங்கள் தெரு. அந்த இன்டர்ன்ஷிப்பின் பயன் யாருக்குப் போக வேண்டும் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறதோ தெரியாது, போனவர்களுக்கு முழுதாகப் போயிருக்கிறது.

குரல் கொடுத்து முடித்துக் காட்டியவர்களும் உண்டு. கேரளத்துக் காசர்கோட்டில் லீலாகுமாரி அம்மா என்று ஒருவர். வேளாண்மைத் துறையில் சாதாரண ஊழியர். முந்திரித் தோட்டத்துக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் தோட்டத்தை ஒட்டி வீடு கட்டியவர். 1998இல் தனியாக முன்சீஃப் கோர்ட்டுக்குப் போனார். மிரட்டினார்கள், உடம்பும் கெட்டது, அவர் விடவில்லை. வானத்திலிருந்து தெளிப்பது நின்றது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எண்டோசல்பானை நிறுத்தியது. அவருக்கு ஜூன் கடைசியில் ஊருக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வீடு அங்கேயே இருந்தது.

தமிழ்நாட்டில் மே 1 அன்று கிராம சபை நடக்கும். பிள்ளைகள் மே இரண்டாம் வாரம் வருகிறார்கள். அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15. ஜூன் கடைசியில் போய்விடுகிறார்கள். கூலிக்காரர் எழுந்து நின்று பேசவும், பேசியதைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பச் சொல்லவும் உரிமையுள்ள ஓரிடத்தை இவ்வளவு துல்லியமாக இரண்டு பக்கமும் தவிர்த்து ஒரு கால அட்டவணையை யாரும் வேண்டுமென்றே போட்டிருக்க மாட்டார்கள். கல்லூரி விடுமுறையைப் பார்த்துப் போட்டதுதான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக மாற்றவில்லை.

பிள்ளைகளை அனுப்புகிறவர்களிடமும் வரவழைக்கிறவர்களிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இதுவரை எழுதிய அறிக்கைகளைத் தமிழில் பத்துப் பக்கமாகச் சுருக்கித் தாருங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு இரண்டு பிள்ளைகளையாவது திருப்பி அனுப்புங்கள். குடையும் ஸ்வெட்டரும் கொடுத்து அனுப்புங்கள், தங்க என் வீடு இருக்கிறது. 26ஆம் பிரிவின்படி அறிவிக்கை கேட்டும், மருந்தடிக்கிறவர்களுக்கு ரத்தச் சோதனை கேட்டும், கடையில் பாட்டிலோடு அளவுக் குவளை கொடுக்கச் சொல்லியும் மூன்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். கீழ்த்தெரு அக்கா வருவார். அவர் வீட்டுக்காரரையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு இப்போது டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடிவதில்லை.